மேய்ச்சல் – வெள்ளாமைப் பூசல்

வெள்ளாமையில் ஆடுமாடு வாய்வைப்பதாலும், மேய்ச்சல் தரையை உழுது விளைநிலமாக்குவதாலும் மேய்ப்பவருக்கும் பயிரிடுபவருக்கும் இடையே எழும் தகராறு.

இவ்விரு சாராரின் நிலங்களைப் பழந்தமிழ் இலக்கணம் முல்லை, மருதம் எனப் பிரித்தது. கால்நடையை ஒட்டிய போருக்கும் அவ்விலக்கணத்தில் இடம் உண்டு: ஆநிரை (மாட்டு மந்தை) கவர்தலை வெட்சித் திணையாகக் கொண்ட தொல்காப்பியம், மீட்பதையும் அதனுள்ளேயே அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை மீட்பதைக் கரந்தை எனத் தனித் திணையாக்கியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல் உள்ளது. செங்கம் பகுதியின் பல்லவர் கால நடுகற்களிலும் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டவர்கள் இடம்பெறுகின்றனர். ஆனால் நிரை கவர்தல் பகைப்புலத்தோடு நடந்த போர். வெள்ளாமைப் பூசலோ தினமும் முகம் பார்த்துக்கொள்பவர்களுக்குள் நடப்பது. அதனால்தான் அதற்கு ஊர்க்கூட்டம், காவல்காரர், தெண்டம் என்ற ஏற்பாடுகள் உண்டாயின.

பூசலைத் தவிர்த்து இரு சாராருக்கும் பயன் தந்த ஏற்பாடு, மந்தையை வயலில் அடைக்கும் கிடை. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் கீதாரிகள் (ஊர் விட்டு ஊர் சென்று ஆடு மேய்ப்பவர்கள்) அறுப்பு முடிந்த வயல்களைத் தேடி மந்தையோடு காவிரிப் படுகை வரை செல்வர். பகலில் தாளிலும் தரிசிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவர் வயலில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். வயல்காரர் அதற்கு நெல்லோ பணமோ தருவார். மழைக்காலத்தில் மந்தை ஊர் திரும்பிவிடும்.

இந்த ஏற்பாடு குலைந்ததற்கு மேய்ப்பவரின் கவனக்குறைவைவிட, அறுப்புக்கும் அடுத்த விதைப்புக்கும் இருந்த இடைவெளி சுருங்கியதே முதற்காரணம். ஆழ்துளைக் கிணறு வந்த இடங்களில் நிலம் சும்மா கிடப்பதில்லை. படுகையில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் காயுமுன், நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து வெறும் தாளாகத் தெரியும் வயலில் அடியில் இரண்டிலைப் பயிர் நிற்கும். ஆடு இறங்கினால் அதுவும் போய்விடும். மேய்ச்சல் புறம்போக்குகள் பட்டாவாகவும் அரசுக் கட்டடங்களாகவும் மாறியது அடுத்த காரணம். இத்தகைய பூசலைக் கதையாக்கிய கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவல் ஆடுகள் பருத்திக்காட்டை அழித்ததையும் அதையொட்டிய விசாரணையையும் சொல்கிறது. அம்ஷன் குமார் அதை 'ஒருத்தி' (2003) என்ற படமாக்கினார்.

1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டைப் பிடிப்பவர் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் (பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பட்டியில்) சேர்க்க வேண்டும். உடையவர் தெண்டமும் தீனிச்செலவும் கட்டி மீட்கலாம். ஏழு நாளில் ஒருவரும் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அறிவிப்பு ஒட்டி மேலும் ஏழு நாள் பார்த்து ஏலம் விடுவர். கேரளம் 1961-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பவுண்டு மாட்டை அடைக்கிறதே தவிர, அது மேய ஓர் இடம் காட்டுவதில்லை.

ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது. எனினும் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது.