ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி

நோய் தீர்க்கச் சாப்பிட்ட மருந்தே மேல்தோலையும், வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் மென்சவ்வையும் சாகடித்து உரித்துவிடும் கொடிய எதிர்வினை இது. முற்றிய வடிவத்துக்கு நச்சு மேல்தோல் சிதைவு என்றும் லயல் நோய்க்குறி என்றும் பெயர்கள் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரு நிலைகள் என்பதே இன்றைய கருத்து. உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முன்னது, 30 விழுக்காட்டைத் தாண்டினால் பின்னது; இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே இது வருகிறது. ஆனால் தோல் பெருமளவு உரிந்துவிட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை.

மருந்தைத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் நோய் தலைகாட்டும். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண்ணெரிச்சல். சளிக்காய்ச்சல் என்று நினைத்து அதற்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். கடைசியாக உண்ட அந்தக் காய்ச்சல் மாத்திரையின் மேல் பழி விழ, இரண்டு வாரமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும் உண்மையான குற்றவாளி தப்பிவிடுவதும் உண்டு. பிறகு முகத்திலும் மார்பிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும், தொட்டாலே வலிக்கும். உதடு வெந்து புண்ணாகும். கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, விரலால் அழுத்தித் தள்ளினால் தோல் நழுவி வரும்.

1922ஆம் ஆண்டு நியூயார்க்கின் குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும், ஏழும் எட்டும் வயதான இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். உடலெங்கும் தடிப்பு, விடாத காய்ச்சல், வாய்ப்புண், சீழ் வடியும் கண்கள். இதுவரை அறியாத ஏதோ ஒரு தொற்றுக் காய்ச்சல் என்றே அவர்கள் கருதினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே வாயும் கண்ணும் இடம்பெற்றிருந்தன. கண்ணை அவர்கள் அப்போதே கவனித்துவிட்டார்கள் என்பது முக்கியம். இந்த நோயில் உயிர் பிழைத்தவர்களை வாழ்நாளெல்லாம் வதைப்பது அதுதான்.

1950இல் பெர்னார்ட் தாமஸ் என்பவர் இதை, வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1860களில் விவரித்திருந்த பல்வடிவச் செந்தடிப்பு நோயோடு சேர்த்து, அதன் கடுமையான வகை என்றார். அந்தச் சேர்க்கை மருத்துவ உலகை நெடுங்காலம் குழப்பியது. ஹெப்ராவின் நோய்க்குப் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் வைரசே காரணம், இதற்கோ மருந்து. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியபோது எந்தக் காரணமும் தெளிவாகத் தெரியவில்லை. 1993இல் வெளிவந்த பன்னாட்டு வகைப்பாடுதான் இரண்டையும் பிரித்தது.

இதற்கிடையில் 1956இல், ஸ்காட்லாந்தின் தோல் மருத்துவர் ஆலன் லயல் நான்கு நோயாளிகளை விவரித்தார். வெந்நீர் கொட்டியதுபோல் தோல் வெந்து உரிந்த நிலை அது. அவர் வைத்த பெயரின் கீழ், ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சால் குழந்தைகளுக்குத் தோல் உரியும் நோயும் முதலில் சேர்ந்துகிடந்தது. 1970க்குப் பிறகே அது தனியானது. அதை விலக்கிய பின் எஞ்சியவற்றில் பெரும்பாலானவை மருந்தால் வந்தவை.

ஜெர்மானிய அறிவியலாளர் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் அறிவித்த பிரான்டோசில், சல்ஃபா மருந்துகளின் காலத்தைத் தொடங்கிவைத்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அதே குடும்பம் இந்நோயின் காரணிகளில் முன்வரிசையில் நிற்கிறது. அவரது மற்றொரு மருந்தான தயாசெட்டசோன் காசநோய்க்கு மலிவான துணை மருந்தாகப் பயன்பட்டது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்திலும் அது சோதிக்கப்பட்டது. எச்ஐவி பரவியபோது அதன் மறுமுகம் வெளிப்பட்டது. நைரோபியிலிருந்து 1991இல் வெளியான ஆய்வில், அதை உட்கொண்ட எச்ஐவி நோயாளிகளில் சுமார் 20 விழுக்காட்டினருக்குத் தோல் எதிர்வினை வந்திருந்தது. எச்ஐவி இல்லாதவர்களில் அது ஒரு விழுக்காடுதான். மருந்தின் தன்மையை மட்டும் பார்த்தால் போதாது, அதை வாங்கிக்கொள்ளும் உடலையும் பார்க்க வேண்டும் என்பது இங்கே துலங்கியது.

யாருடைய உடலுக்கு எந்த மருந்து ஆகாது என்ற கேள்விக்கு மிகத் துல்லியமான விடை 2004இல் தைவானிலிருந்து வந்தது. வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபைன் மாத்திரையால் இந்நோய் கண்ட 44 ஹான் சீனர்களைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வடிவம் இருந்தது. அதே மாத்திரையைத் தீங்கின்றி உட்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது. மறு ஆண்டே, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினாலுக்கும் எச்எல்ஏ-பி 5801க்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. எச்எல்ஏ என்பது உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, இது நம்முடையது, இது அந்நியம் என்று நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் புரதம். சில வடிவங்களில் மருந்து போய்ப் பொருந்திக்கொள்ள, கொல்லும் டி அணுக்கள் சொந்தத் தோலையே பகையாக எண்ணித் தாக்குகின்றன. அவை உமிழும் கிரானுலைசின் என்ற நச்சுப்புரதம் கொப்புள நீரில் மிகுந்திருப்பதை 2008இல் கண்டார்கள்.

அறிவு நடைமுறையானதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நிறைவளிக்கும் பகுதி. தைவானில் 23 மருத்துவமனைகள் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அந்த மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தன. முந்தைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டிய நோய் ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் இது வெளியானது. சிங்கப்பூர் 2013இல், கார்பமசெபைன் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு இச்சோதனையை வழக்கமான மருத்துவ நடைமுறையாக்கியது. அங்கு வாழும் தமிழரும் இதில் அடங்குவர். இந்திய நோயாளிகள் எட்டுப் பேரைச் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு பேரிடம் இதே வடிவம் இருந்தது. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் சீனர்களுக்கு மட்டுமான கவலை என்று ஒதுக்க இயலாது.

சிகிச்சையின் கதை இவ்வளவு நேரானதன்று. 1998இல் பிரான்சில் தாலிடோமைடைச் சோதித்தபோது, மருந்து பெற்ற 12 பேரில் 10 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 10 பேரில் மூவரும் இறந்தனர். ஆய்வு பாதியில் நின்றது. ஸ்டீராய்டு பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. கொல்கத்தாவில் இந்நோய்க்கு, உடலில் நெடுநேரம் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை அளவு மீறிப் போட்டது உள்ளிட்ட தவறுகளுக்காக, 1998ஆம் ஆண்டு மரணம் ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2013இல் ஏறக்குறைய ஆறு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சைக்ளோஸ்போரின் ஓரளவு நம்பிக்கை தருகிறது. ஜாக் தடுப்பான்கள் என்ற மருந்து வகையால் ஏழு நோயாளிகள் விரைந்து தேறியதாக 2024இல் செய்தி வந்துள்ளது.

ஐயமின்றிப் பலன் தருவது ஒன்றே: காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. உடலைவிட்டு விரைவில் நீங்கும் மருந்துகளில், ஒவ்வொரு நாள் முந்தி நிறுத்துவதும் சாவின் அபாயத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைப்பதாக 2000ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. நம் ஊரில் இதற்குக் குறுக்கே நிற்பது மிகச் சிறிய விஷயம். கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுக்கும்போது மருந்தின் பெயர் வேறு துண்டோடு போய்விடுகிறது. ஆகவே பில் வாங்கி வைக்க வேண்டும். ஒருமுறை இந்நோய் கண்டவர் அந்த மருந்தின் வேதிப் பெயரை எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். கடையில் விற்கும் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது அதுவாகவே இருக்கலாம். மருந்துகளின் தீய விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இந்தியாவில் உள்ளது.

மருத்துவமனையில் இவர்களைத் தீக்காயம் பட்டவர்களைப் போலவே பேண வேண்டும்: நீர்ச்சத்து, கதகதப்பு, ஒட்டாத கட்டு, தொற்று அணுகாத படுக்கை. முதல் நாளிலிருந்தே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும். தோல் சில வாரங்களில் மூடிவிடும். இமையின் உட்புறத் தழும்போ விழியை உராய்ந்துகொண்டே இருக்கும். கண்ணீர் வற்றும், கருவிழி மங்கும். வறண்ட கண்ணில் சாதாரணக் கருவிழி மாற்று நிலைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, ரோமில் ஸ்ட்ராம்பெல்லி 1960களில் வகுத்த அறுவை ஒன்று பின்னர் செப்பம் பெற்றுப் பயன்படுகிறது. நோயாளியின் பல்லைத் தாடை எலும்போடு எடுத்து, அதில் துளையிட்டு நெகிழிக் குழல் வில்லையைப் பதித்து, கன்னத்தின் தோலடியில் சில மாதம் வளரவிட்டு, பிறகு கண்ணில் பொருத்துகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் இதைச் செய்கிறார்கள். பார்வை முற்றிலும் போயிருந்தவர்கள் அந்தப் பல்லின் நடுத்துளை வழியே மறுபடி பார்க்கிறார்கள்.