தொட்டுப் பார்த்த கை

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். எனக்கு அங்கே கைகளைப் பார்க்கப் பிடிக்கும். மணலில் உட்கார்ந்து வலையைச் செப்பனிடும் கிழவரின் விரல்கள், அறுந்த கண்ணியைத் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்கின்றன. தெருவோரச் சிற்பக்கூடத்தில் ஓர் இளைஞன், சிலையின் மூக்கைச் செதுக்கிவிட்டுக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்க்கிறான். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிந்து விடுகிறது. அந்தக் கடற்கரையின் பிழைப்பே விரல் நுனியில்தான் இருக்கிறது.

அந்த நுனி மரத்துப் போனால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டுக்கு வந்தால் போதும். அந்த ஊருக்கு அருகே திருமணி என்று ஒரு சிற்றூர் உண்டு. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் 1924-ஆம் ஆண்டில் அங்கே ஒரு தொழுநோய் நிலையம் ஏற்பட்டது. பல்லவர்களின் கல்லைப் பற்றி எழுதாதவர் இல்லை. திருமணியின் கதையை எழுதியவர்கள் சிலரே.

அந்தக் காலத்து நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நார்வே நாட்டு ஹான்ஸன் என்ற டாக்டர், தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை 1873-லேயே கண்டுவிட்டார். ஆனால் கிருமியைக் கண்டதால் நோயாளிக்கு ஒரு பயனும் விளையவில்லை. போக்கிடமற்ற தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க 1898-இல் ஒரு சட்டம் வந்ததுதான் மிச்சம். மருந்து என்று சொல்லத்தக்கது நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த அந்த எண்ணெயை, மேல்நாட்டு டாக்டர்கள் ஊசியில் ஏற்றிப் போட்டார்கள். போட்ட இடம் வீங்கும். வலி உயிரை வாங்கும். வாரந்தோறும் அந்த வலியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் முழுக் குணம் உறுதியில்லை.

1935-இல் திருமணிக்கு ராபர்ட் காக்ரேன் வந்தார். சீனாவில் பிறந்த இந்த பிரிட்டிஷ் டாக்டர், தோல் நோய்களை நுணுகி ஆராய்ந்தவர். 1941-இல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரியில், ஸல்போன் இனத்து மருந்து ஒன்று தொழுநோயைத் தணிக்கிறது என்று கண்டார்கள். அந்த இனத்துக்கெல்லாம் தாய்ச்சரக்கான டாப்ஸோனைக் கடலை எண்ணெயில் கலந்து, ஊசியாகத் திருமணி நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தவர் காக்ரேன். பிறகு அதுவே காசு பெறாத சிறு மாத்திரையாக ஊர் ஊராகப் போயிற்று. எண்ணெயை நம்பிய வைத்தியர்கள் அதை விட்டு மாத்திரைக்கு மாற வேண்டியிருந்தது. இது அவர்கள் கற்ற முதல் புதுப்பாடம்.

இரண்டாவது பாடம் ஒரு கைகுலுக்கலில் பிறந்தது. கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் படித்து, வேலூர் ஆஸ்பத்திரிக்கு எலும்பு வைத்தியராக வந்திருந்தார் பால் பிராண்ட். 1947-இல் காக்ரேன் அவரைத் திருமணிக்கு அழைத்துச் சென்றார். முடங்கிய கைகளையும் புண்பட்ட கால்களையும் கண்ட பிராண்ட், எலும்பு வைத்தியர்களில் இவற்றை ஆராய்ந்தவர் யார் என்று கேட்டார். ஒருவருமில்லை என்பதே பதில். பிராண்ட் ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நகம் பதியும்படி அந்த விரல்கள் இறுக்கின. வலி தாளாமல் கையை இழுத்துக்கொண்ட அந்த நொடியில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட கையில் இவ்வளவு வலு இருக்கிறதே! அப்படியானால் சில நரம்புகள் மட்டுமே பழுதாகியிருக்கின்றன. மற்றத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன.

அதன்பின் வேலூரில் நல்ல தசை நாண்களை மாற்றிப் பொருத்தி முடங்கிய விரல்களை நிமிர்த்தினார். விரல்கள் அழுகி விழுவதில்லை என்பதையும் விளக்கினார். வலி தெரியாததால் நெருப்பு சுடுகிறது, ஆணி குத்துகிறது, புண் ஆறாமல் போகிறது. சில நோயாளிகளின் விரல் ஓர் இரவுக்குள் காணாமல் போவதைக் கண்டு காவலிருந்து பார்த்தால், தூங்குகிறவரின் விரலை எலி தின்றுகொண்டிருந்தது! அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. கேட்டால் சிரிப்பு வரலாம். அதைவிடச் சிறந்த வைத்தியம் அன்று வேறில்லை.

1955-இல் திருமணி நிலையம் மத்திய சர்க்காரின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதே ஆண்டு தேசியத் தொழுநோய்த் தடுப்புத் திட்டமும் தொடங்கியது. நோயாளியைப் பிரித்து வைப்பதை விட்டு, வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுக்கலாம் என்பது வழக்கமாயிற்று. ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. டாப்ஸோனுக்கு அது அடங்க மறுப்பது 1964-இல் மலேயா நாட்டில் நிரூபணமாயிற்று. ஆகவே 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிபாம்பிசின், குளோபஸிமின், டாப்ஸோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தது. ஆயுள் முழுவதும் விழுங்கிய மாத்திரை, இன்று ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறது. அதுவும் இலவசம்.

பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் 2005 டிசம்பரில் இறங்கிவிட்டதாக இந்தியா அறிவித்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில், தொழுநோய்க்கென்றே இருந்த தனி ஊழியர் படை பொதுச் சுகாதாரத் துறையோடு கலக்கப்பட்டது. வீடு வீடாகப் போய்த் தேமலைத் தேடிய பொறுப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரின் தலையில் இறங்கியது. அவரோ மத்தியானத்துக்குள் நூறு பேரைப் பார்க்க வேண்டியவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், கர்ப்பிணிகள் என்று வரிசை நீள்கிறது. வலிக்காத, அரிக்காத ஒரு வெளிர்ந்த படையைக் காட்ட யார் வருவார்கள்? காட்டினாலும், ‘தேமல்’ என்று களிம்பு எழுதிக் கொடுப்பது எளிது. நோய் போய்விட்டது என்ற நம்பிக்கைதான் இன்று அதற்குப் பெரிய துணை. 2023-இல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகளைக் கண்டார்கள். உலகத்தின் மொத்தத்தில் பாதிக்கும் மேல் இது.

சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கடலோரச் சுகாதார நிலையத்தில், என் முறைக்காகப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, சுண்டு விரலில் கொப்புளத்தோடு போனாள். அறைக் கதவு திறந்தே இருந்தது.

“அடுப்புச் சட்டி சுட்டுருச்சு தம்பி. சுட்டதே தெரியலை. கொப்புளம் வந்த பொறவுதான் பார்த்தேன்.”

இளம் டாக்டர் களிம்புக்குச் சீட்டு எழுதத் தொடங்கியிருந்தார். பேனா நின்றது. தட்டிலிருந்த பஞ்சில் ஒரு நூல் இழை எடுத்தார்.

“கண்ணை மூடிக்குங்கம்மா. நான் தொடற எடத்துல உங்க விரலை வையுங்க.”

நல்ல தோலில் தொட்டபோது அவள் சரியாகக் காட்டினாள். சுண்டு விரலில் தொட்டபோது அந்த அம்மாள் கண்ணை மூடியபடி, “இன்னும் தொடலையே தம்பி?” என்று கேட்டாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவினார்; தடித்து, தொட்டால் வலித்தது.

கூட்டு மருந்தோடு, நரம்பு வீக்கத்துக்கு ப்ரெட்னிசலோனும் அன்றே தொடங்கப்பட்டதாகப் பின்னர் அங்கிருந்த நர்ஸம்மா சொன்னார். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் பிடித்தால் மீள வழியுண்டு; அதற்கு மேல் கடினம். மருந்தால் சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். சொல்லாவிட்டால் பயந்து பாதியில் நிறுத்துவார்கள். நடுவில் படைகள் சிவந்து வீங்கினாலும் மாத்திரையை விடக் கூடாது, ஓடி வர வேண்டும் என்றும் எச்சரித்தாராம். வீட்டிலிருந்த மற்றவர்களையும் வரவழைத்துப் பரிசோதித்தார். 2018 முதல் அவர்களுக்கு ஒரே வேளை ரிபாம்பிசின் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

திருமணியில் ஒரு கையை இன்னொரு கை பற்றிப் பார்த்ததில் தொடங்கிய வைத்தியம், இங்கே பஞ்சு இழையாக வந்து நின்றது. அதற்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை. நூறு பேர் காத்திருக்கும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். போன தடவை போனபோது அந்த அம்மாளைச் சந்தையில் பார்த்தேன். கையில் துணி சுற்றிக்கொண்டு, அரிவாள்மணையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுண்டு விரல் மடங்கவில்லை.