மூன்று காரணிகளின் சாட்சியம்: தரமணி முடிவொன்றின் வாசிப்பு

தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து ஆர். பாலசுப்பிரமணியனும் எஸ். வி. நாகராஜும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையை, பெரும் பகா எண்களைத் தெளிவதற்கு ஃபெர்மாவின் சோதனை ஒன்றே போதும் என்னும் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பாருண்டு. தாம்பரத்துக்கும் சிறுசேரிக்கும் இடைப்பட்ட இத்தென்புறத்தில் பாடம் சொல்வோர் அதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவது இயல்பே. பெருமை நியாயமானது, அதிலிருந்து பெறும் முடிபு நியாயமன்று என்பது என் துணிபு.

தம்மோடு பொதுக் காரணியற்ற எவ்வெண்ணை அடியாகக் கொண்டாலும் அச்சோதனையில் தேறிவிடும் பகு எண்களாகிய கார்மைக்கேல் எண்களுள், சரியாக மூன்று பகாக் காரணிகளை உடையவை x வரையில் ஏறத்தாழ x-இன் 5/14 அடுக்குக்கு மேற்படா என்பதே அவ்விருவரின் முடிவு. ஹீத்-பிரௌன் 2007-இல் இவ்வடுக்கை 7/20 ஆகக் குறைத்தபோதும் மூன்று என்ற நிபந்தனை நீங்கவில்லை. 10,000 வரையுள்ள கார்மைக்கேல் எண்கள் ஏழும் மும்மூன்று காரணிகளை உடையவையே. ஆயின் 10-இன் 16-ஆம் அடுக்கு வரையில் ரிச்சர்ட் பிஞ்ச் கணக்கிட்ட 2,46,683 எண்களுள் அவ்வினத்தவை 10,816, அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எஞ்சியவற்றைப் பற்றித் தரமணிக் கட்டுரை மௌனமாயிருக்க, அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? இவ்விகிதம் முடிவில் பூஜ்யத்தை அணுகும் என்று நான் நிரூபித்ததாகச் சொல்லவில்லை. ஆல்ஃபோர்ட், கிரான்வில், பாமரன்ஸ் மூவரும் 1994-இல் கார்மைக்கேல் எண்களனைத்துக்கும் நிறுவிய கீழெல்லையின் அடுக்காகிய 2/7, 5/14-ஐவிடச் சிறிதாதலின் அதற்கு இடமுமில்லை.

இராமாநுஜன் பெயரோடு யாவரும் அறிந்த 1729-ஐயே பார்ப்போம். அதன் காரணிகள் 7, 13, 19; 1728 என்பது 6, 12, 18 ஆகிய மூன்றாலும் வகுபடுவதால் ஃபெர்மாவின் சோதனை ஏமாந்துபோகிறது. ஆயின் 2-இன் 27-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதன் வர்க்கத்துக்கு மீதி 1065. 1065-இன் வர்க்கத்துக்கோ மீதி 1. வகுக்கும் எண் பகா எண்ணாயின், வர்க்கம் 1 ஆகும் மீதி +1 அல்லது -1 ஆகவே இருத்தல் வேண்டும். 1065 இரண்டுமன்று. அம்மட்டோ, 1064-க்கும் 1729-க்கும் பொதுக் காரணி 133, 1066-க்கும் 1729-க்கும் 13 எனக் காரணிகளும் வெளிப்பட்டுவிடுகின்றன.

தற்செயலாகப் பொறுக்கிய பேரெண்ணில் பிழை நேரும் வாய்ப்பு அற்பம் என்பர். மெய்யே, ஆனால் அதற்கு நிரூபணம் வேறு, தரமணிக் கட்டுரைக்கு அதில் பங்கில்லை. சங்கேத முறையைத் தகர்க்க வருபவன் எண்ணைத் தற்செயலாகவும் பொறுக்கான். 2002-இல் கான்பூரில் பிறந்த நிச்சயமான சோதனை இருக்க இவ்விவாதம் ஏன் என்பார்க்கு, பேரெண்களில் அதன் மந்த கதியே விடை.

அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைந்தது. 23, 89 ஆகியவற்றின் பெருக்கமாகிய 2047 போல, பகா அடுக்கினின்று பிறந்த இவ்வின எண் எதுவாயினும், பகுவாயினும் பகாவாயினும், 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் தப்பாமல் தேறிவிடும். ஆகவே தேடினோர் 3-ஐ அடியாகக் கொண்டனர். அதில் தேறிய எண்ணையும் லூக்கா-லேமர் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே உலகுக்கு அறிவித்தனர்.