சீதை என்னும் சால்

சீதா என்ற சமஸ்கிருதச் சொல்லின் முதல் அர்த்தம், ஏர் கிழித்த கோடு. நம் உழவர்கள் சால் என்பது இதைத்தான். சாலோட்டிய நிலம் சீத்யம். பாணினி தன் சூத்திரம் ஒன்றில் இதற்கு இடம் வைத்தான். அமரகோசம் உழுத நிலத்தின் பெயர்களில் ஒன்றாக இதை அடுக்குகிறது. ஜனகன் உழுதபோது கிடைத்த பெண்ணுக்கு இப்பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அக்கதையின் பிரபலத்தில் சொல்லின் வேறொரு வாழ்க்கை மறைந்துபோயிற்று. என் அக்கறை அதில்தான்.

ரிக்வேதம் 4-ஆம் மண்டலம் 57-ஆம் சூக்தம் வயலின் அதிபதியைப் பாடுவது. அதில் சால் நேராகவே விளிக்கப்படுகிறது: அருகில் வா, நல்ல பலன் கொடு என்று. கேட்பவனுக்கும் மண்ணுக்கும் நடுவே அதிகாரி யாருமில்லை.

அர்த்தசாஸ்திரத்தில் அதிகாரி வந்துவிடுகிறான். அவன் பெயர் சீதாத்யக்ஷன். அவன் களஞ்சியத்தில் கொண்டுவந்து சேர்க்கும் தானியம் எல்லாம் சீதை என்கிறது நூல். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடியை மைசூரில் அடையாளம் கண்டு 1909-இல் அச்சிட்ட சாம சாஸ்திரி, 1915-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இவனை விவசாயக் கண்காணிப்பாளர் ஆக்கினார். இது பாதி உண்மை. வருமானப் பட்டியலில் சீதை வேறு, குடிகள் தரும் பங்கான பாகம் வேறு. சீதை அரசன் தானே உழுவிக்கும் நிலத்தின் விளைச்சல்.

இந்தப் பாகுபாடு அற்பமல்ல. இந்தியாவில் மண்ணெல்லாம் அரசனுடையது என்று 1817-இல் ஜேம்ஸ் மில் எழுதினார்; வரி வாங்க வந்த கம்பெனிக்கு அது வசதியான சரித்திரம். எல்லாமே அரசனுடையதென்றால் சீதைக்குத் தனிக் கணக்கு எதற்கு? 1924-இல் ஜெயஸ்வால், அரசன் நிலத்தின் சொந்தக்காரன் அல்ல என்று வாதாடினார். தேசிய மனத்துக்கு அது நிம்மதி தந்திருக்கும்.

ஆனால் நிம்மதியோடு நின்றுவிட முடியவில்லை. சீதை நிலத்தில் விதைத்தவர்கள் யார்? அடிமைகள், கூலிகள், அபராதத்தை உழைத்துக் கழிப்பவர்கள் என்று நூலே சொல்கிறது. மிஞ்சிய நிலம் பாதி வாரத்துக்குப் போகும். உடலுழைப்பைத் தவிர ஒன்றுமில்லாதவனுக்கு விளைச்சலில் 4-இல் அல்லது 5-இல் ஒரு பங்கு. அடிமைக்கும் கூலிக்கும் ஆள்கணக்குப்படி சோறு, மாதம் 1¼ பணம். புரோகிதனுக்கும் சேனாபதிக்கும் அதே நூல் குறிக்கும் சம்பளம் 48,000 பணம். நூலின் காலத்தை மௌரியரிடமிருந்து இறக்கி, கி.பி. முதல் நூற்றாண்டுகளுக்கு இன்று பலர் கொண்டுவருகிறார்கள். அதனால் இந்தக் கணக்கு மாறிவிடாது.

இத்தனைக்கும் நடுவில், அதே அத்தியாயத்தில், முதல் பிடி விதையைப் பொன் தோய்ந்த நீரில் நனைத்து விதைக்கையில் சொல்ல ஒரு மந்திரம் இருக்கிறது. விதையிலும் செல்வத்திலும் சீதா தேவி செழிக்கட்டும் என்பது அதன் சாரம். தேவியும் களஞ்சியக் கணக்கும் ஒரே சொல்லில் தங்கியிருக்கிறார்கள். இதை முரண் என்று நான் சொல்லமாட்டேன். சாலை வணங்கச் சொன்ன கையே சாலில் நடந்தவனுக்கு 1¼ பணம் என்று எழுதியது. எழுதுகையில் அதற்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. சீதையின் துயரம் பற்றி நமக்குக் காவியங்கள் உண்டு. சீத்யத்தில் உழுதவனைப் பற்றி இருப்பது இந்தக் கூலிக் கணக்கு ஒன்றுதான். அதையும் காவியத்துக்குரிய கவனத்தோடு படிக்கவேண்டும் என்பது என் கட்சி.