கொட்டியாரக்குடாவும் பிளாஸ்மாவும்: கப்பல் நீரில் வரும் மருந்தெதிர்ப்புப் பற்றீரியாவை அழிக்கும் முயற்சியின் வரலாறு

1992 ஒக்டோபரில் சென்னையில் வாந்திபேதி கண்டவர்களிடம் எடுத்த கிருமி, அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய ஓ1 வகையைச் சேர்ந்ததல்ல. மதுரையிலும் வேலூரிலும் அது தென்பட்டது. சில மாதங்களுக்குள் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. விப்ரியோ கொலரா ஓ139 என்று அதற்குப் பெயரிட்டார்கள். சென்னையில் கிடைத்த எம்ஓ10 என்ற மாதிரியை ஆராய்ந்த மெத்யூ வால்டரும் அவருடைய சகாக்களும், 1996இல் அதனுள் எஸ்எக்ஸ்டி என்ற நகரும் மரபணுத் தொகுதியைக் கண்டறிந்தார்கள். சல்ஃபாமெதொக்சசோல், ட்ரைமெதோப்ரிம், குளோராம்பெனிகோல், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நான்கையும் எதிர்க்கும் திறன் அதில் ஒருசேர இருந்தது. ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் அதனால் முடிந்தது.

அதே வங்காள விரிகுடாவின் தென்மேற்கு ஓரத்தில்தான் திருகோணமலை இருக்கிறது. மருந்தெதிர்ப்பு என்றதும் மருத்துவமனை விடுதிகளையே நாம் நினைக்கிறோம். துறைமுக மாவட்டமொன்றுக்கு அந்தப் பார்வை போதாது. விப்ரியோ கடலோர நீரில் இயல்பாக வாழும் உயிரி. அந்த நீரைக் கப்பல்கள் தொன் கணக்கில் ஊர் ஊராகக் கொண்டு செல்கின்றன.

சரக்கு இல்லாத கப்பல், சமநிலைக்காகத் தன் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. அதுவே பலாஸ்ட் நீர். ஏற்றும் துறையில் உள்ள உயிரிகள் இறக்கும் துறைக்குப் போய்ச் சேருகின்றன. திருகோணமலையில் இந்த ஓட்டத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். பிரிமா ஆலைக்குக் கோதுமையும், சிமெந்து ஆலைக்குக் கிளிங்கரும், சீனன்குடாத் தாங்கிகளுக்கு எரிபொருளும் கொண்டுவரும் கப்பல்கள், சரக்கை இறக்கிவிட்டு நம் குடா நீரை ஏற்றிக்கொண்டு போகின்றன. புல்மோட்டைக் கனிம மணலை ஏற்ற வெறுமையாக வரும் கப்பலோ வேற்றூர் நீரை இங்கே கொட்டுகிறது. ஆகவே இத்துறைமுகம் பெறும் இடம் மட்டுமல்ல, கொடுக்கும் இடமும்கூட. இது வெறும் ஊகம் அன்று. 1991இல் அமெரிக்காவின் மொபைல் வளைகுடாச் சிப்பிகளில் அப்போது தென்னமெரிக்காவில் பரவிய வாந்திபேதிக் கொள்ளைநோயின் விப்ரியோ காணப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆய்வில், மெக்சிக்கோ வளைகுடாத் துறைகளுக்கு வந்த 5 சரக்குக் கப்பல்களின் பலாஸ்ட் நீர் உள்ளிட்ட கழிநீர்களில் அதே வகை கிடைத்தது.

முதலில் சொல்லப்பட்ட பரிகாரம், நடுக்கடலில் நீரை மாற்றிக்கொள்வது. கரையிலிருந்து 200 கடல்மைல், ஆழம் 200 மீற்றர் என்பது விதி. இயலாவிடில் 50 கடல்மைல். சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ நேரே திருகோணமலைக்கு வரும் கப்பல், வழியில் எங்குமே கரையை விட்டு 200 கடல்மைல் விலகுவதில்லை. நம் கடலின் குறுகிய பயணங்களுக்கு இந்த முறை அரைகுறைத் தீர்வுதான். 2004இல் உருவாகி 2017 செப்ரெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலிலேயே உயிரிகளைக் கொல்லும் தரத்தை வகுத்தது. வெளியேற்றும் நீரின் 100 மில்லிலீற்றரில் நச்சு விப்ரியோ 1 கூட்டத்துக்கும் குறைவாக, ஈகோலை 250க்கும் குறைவாக இருக்க வேண்டும்.

அப்படிக் கொல்லும் வழிகளில் ஒன்றே பிளாஸ்மா. வாயுவில் மின்னோட்டம் பாய்ந்து அணுக்கள் அயனிகளாகப் பிரியும் நிலையே இது. குருதிப் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1857இல் வேர்னர் சீமென்ஸ், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரு கண்ணாடிக் குழாய்களின் இடைவெளியில் காற்றைச் செலுத்தி, வெள்ளீயத் தகடுகள் வழியே மின்னைப் பாய்ச்சி, இந்நிலையைக் கொண்டே ஓசோனை உண்டாக்கினார். 1906இல் பிரான்சின் நீஸ் நகர் குடிநீரை ஓசோனால் தூய்மைப்படுத்தத் தொடங்கியது. இந்நிலைக்குப் பிளாஸ்மா என்ற பெயரை இர்விங் லாங்மியர் இட்டதே 1928இல்தான். மூனிர் லாரூசி வளிமண்டல அழுத்தத்தில் குளிர்ந்த பிளாஸ்மாவால் பற்றீரியாவைக் கொன்று காட்டியது 1996இல். 2010இல் ஜேர்மனியில் இஸ்பரி குழுவினர் 36 நோயாளிகளின் ஆறாப் புண்கள்மீது நாளுக்கு 5 நிமிடம் ஆர்கன் பிளாஸ்மாவைச் செலுத்தியபோது, பற்றீரியாச் சுமை 34 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. மருந்தெதிர்ப்புள்ள கிருமிகளும் தப்பவில்லை. இந்த வரிசையில் நீர் புண்ணுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அதனால்தான் பிளாஸ்மாவைப் புதிய மருத்துவ விந்தையாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்பதில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பற்றீரியாவின் ஏதோ ஓர் உறுப்பையோ நொதியையோ குறிவைக்கிறது. அந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் கிருமி தப்பிவிடும். பிளாஸ்மாவில் பிறக்கும் ஓசோன், ஹைட்ரொக்சில், நைட்ரஜன் ஒக்சைட்டுகள் ஆகியவை சவ்வுக் கொழுப்பு, புரதம், மரபணு மூன்றையும் ஒருங்கே தாக்குகின்றன. எஸ்எக்ஸ்டி தரும் கவசம் இங்கே பயனற்றுப் போகிறது.

கடல்நீரில் செய்யும்போது சிக்கல்கள் வேறு. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், நேரே அதனுள் மின்னிறக்கம் செய்தால் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். வாயுவில் பிளாஸ்மாவை உண்டாக்கி, அதில் பிறக்கும் ஓசோனை நீரில் குமிழியிடுவதே எளிது. தென்கொரியாவின் என்.கே. நிறுவனம் கப்பலுக்கான ஓசோன் முறையை இப்படித்தான் அமைத்தது. அந்த ஓசோன் கடல்நீரிலுள்ள புரோமைட்டுடன் வினைபுரிந்து ஹைப்போபுரோமஸ் அமிலமாகிறது; உண்மையில் பெரும்பாலும் கொல்வது அதுவே. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக்குடாவில் மகாவலி ஆறு கலக்கிறது. வடகீழ்ப் பருவமழையின்போது ஆற்றுநீர் பெருகி மேல்மட்ட உப்பளவு இறங்கும், புரோமைட்டும் குறையும். சித்திரையில் ஏற்றிய நீருக்குப் பொருந்தும் அளவு மார்கழி நீருக்குப் பொருந்தாது. மிஞ்சும் புரோமினை நடுநிலையாக்காமல் வெளியேற்றினால் குடாவின் மீன்குஞ்சுகளுக்கே கேடு.

இன்னொரு தடை கொபிபொட் என்னும் மிதவை உயிரி. விப்ரியோ அதன்மேல் ஒட்டிக்கொண்டு வேதிப்பொருளிலிருந்து தப்புகிறது. ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசத்து மட்லாபில், பழைய பருத்திச் சேலையை மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்ததில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்ததை 2003இல் வெளியிட்டார்கள். பல கப்பல்களில் முதலில் நுண்வடிகட்டி, பிறகே கொல்லும் கருவி என்று வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோல்வெல்லின் ஆய்வகம் 1982இலேயே காட்டிய இன்னோர் உண்மையும் உண்டு: நெருக்கடியில் விப்ரியோ உயிரோடிருந்தும் வளர்ப்பூடகத்தில் முளைக்காத நிலைக்குப் போய்விடும். உடன்படிக்கையின் தரமோ முளைக்கும் கூட்டங்களையே எண்ணுகிறது. உடைந்த பற்றீரியாவிலிருந்து வெளிவரும் மரபணுத் துண்டையும் அது கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே திருகோணமலையில் இக்கருவிகளைச் சோதிப்பவர்கள் மகாவலி பெருகும் மாதத்திலும் வற்றும் மாதத்திலும் தனித்தனியே நீர் எடுக்க வேண்டும்; பிளாஸ்மாவுக்குப் பிறகு சில நாள் வைத்திருந்து கிருமி மீள்கிறதா என்று பார்க்க வேண்டும்; எஸ்எக்ஸ்டி மரபணு எஞ்சியுள்ளதா என்பதைப் பிசிஆர் சோதனையால் அறிய வேண்டும்.