அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது

"தமிழில் செயப்பாட்டு வினை அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது."

இலக்கணப் புத்தக பாணியில் நானே எழுதிப் பார்த்த வாக்கியம் இது. இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். செயப்பாட்டு வினை அபூர்வம் என்று சொல்ல வந்த வாக்கியமே செயப்பாட்டு வினையில்தான் போய் முடிகிறது :-) தமிழ்க்காரர் வாயில் இயல்பாக வருகிற வாக்கியம் இல்லை இது. 'இஸ் ஸெல்டம் யூஸ்ட்' என்ற ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

என்னடா, கனடாவில் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் இலக்கணம் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் வளர்ந்தது திருவனந்தபுரத்தில். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். இப்போது ஆபீஸில் நாள் முழுக்க எழுதுவது ரிப்போர்ட் ஆங்கிலம். அதனால் இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலம். ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி, ஸெல்டம், ரேர்லி என்று ஒரு கூட்டம் உண்டு. பார்த்தால் 'நாட்' கிடையாது. ஆனால் வேலை ஏறக்குறைய 'நாட்' வேலைதான். டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் மறுப்பு எப்படி வருகிறது என்று 1917ல் ஒரு தனி நூலே எழுதினார். அதில் இந்த அரைகுறை மறுப்புகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். செயப்பாட்டு வினையோடு வரும்போது இவை துணைவினைக்கும் முக்கிய வினைக்கும் நடுவில் போய் உட்காரும்: 'வாஸ் ஹார்ட்லி நோட்டிஸ்ட்', 'ஹாஸ் ரேர்லி பீன் ஸீன்'. வாக்கியத்தின் முதலில் போட்டால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவிவிடும்: 'ஸெல்டம் வாஸ் இட் ஸீன்'. முழு மறுப்புச் சொல்லுக்கு உள்ள மரியாதை இந்த முக்கால் மறுப்புக்கும் உண்டு.

அதே யெஸ்பெர்சன் 1924ல் வந்த நூலில் இன்னொன்றும் சொன்னார். ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு 70க்கும் மேற்பட்டவற்றில் செய்தவர் யார் என்ற பேச்சே இல்லையாம். ஆக, செயப்பாட்டு வினை ஆளை மறைக்கிறது. ஹார்ட்லி அளவை மறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

இனி நம் ஊர்ப் பக்கம். திருநெல்வேலிச் சீமை இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டு வினை கிடையாது என்பது அவர் கட்சி. 'படு' என்பதைச் சேர்த்து ஒன்றைச் செய்துகொள்கிறோம், ஆனால் ஜனங்களின் பேச்சு அந்த வழியில் போவதில்லை என்றார். உண்மைதானே? பானை உடைந்துபோச்சு என்போம். 'பானை உடைக்கப்பட்டது' என்று சொன்னால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கும்.

ஆனால் 'கிடையாது' என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தொல்காப்பியத்திலேயே 'எனப்படும்' உண்டு. 'செயப்படுபொருள்' என்ற இலக்கணப் பெயருக்குள்ளேயே 'படு' உட்கார்ந்திருக்கிறது. கூடவே, செயப்படுபொருளைத் தானே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியர் இடம் கொடுக்கிறார். திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியது என்பது போன்ற பேச்சு. ஆக, நியாயமான பதில் 'இல்லை' அல்ல, 'அரிது'. நம் பழைய உரைகாரர்களிடம் இதற்கென்றே 'சிறுபான்மை' என்று அளவான ஒரு சொல் இருந்தது.

கால்டுவெல்லுக்கு அப்புறம் கதை திருவனந்தபுரத்துக்கு வருகிறது. ஏ.ஆர். ராஜராஜ வர்மா (1863-1918) மலையாளத்துக்கு 'கேரள பாணினீயம்' எழுதினார். முதல் பதிப்பு 1896, திருத்திய பதிப்பு 1917. யெஸ்பெர்சனின் மறுப்பு நூல் வந்த அதே வருஷம்! அவர் பாடம் சொன்ன மகாராஜா காலேஜ்தான் இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ். 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் நடத்தியதும் அங்கேதான். சமஸ்கிருதத்தின் கர்மணிப் பிரயோகத்தை நன்றாக அறிந்தவர் வர்மா. மலையாளத்தில் அந்த வேலையைப் 'பெடுக' செய்கிறது. நம் 'படு'வின் தங்கை அது. தமிழ்ப் 'படு' போலவே அதுவும் புத்தகத்தில் நன்றாக நடக்கும், சந்தையில் நடக்காது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால் கடைக்காரர் மலையாளத்தில் 'இது அதிகம் உபயோகிக்காறில்ல' என்பார். பக்கத்துக் கடைத் தமிழர் 'இதை அதிகமா யாரும் உபயோகிக்கறதில்லை' என்பார். இரண்டிலும் செயப்பாட்டு வினை காணோம். ஹார்ட்லியின் வேலையை 'அதிகம்' என்ற சொல்லும் கடைசியில் வருகிற 'இல்லை'யும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆங்கிலம் வாக்கியத்தின் நடுவில் ஒளித்து வைக்கிற மறுப்பை நாம் கடைசியில், வெட்டவெளிச்சமாகச் சொல்லி முடிக்கிறோம்.

சரி, 'அரிது' என்றால் எவ்வளவு அரிது? காதால் கேட்டு மட்டும் இதைச் சொல்ல முடியாது. எண்ண வேண்டும். அதற்கும் வழி செய்தவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். வ.அய். சுப்பிரமணியம் (1926-2009) நாகர்கோவில் பக்கத்துக்காரர். 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துத் திரும்பியவர். அவர் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962ல் வெளியிட்டது. சொல்லடைவு என்றால் ஒரு நூலில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல். அது கையில் இருந்தால் 'அபூர்வம்' என்பவரிடம் 'எத்தனை தடவை?' என்று திருப்பிக் கேட்கலாம். பிற்பாடு 1977ல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியலுக்கென்று ஒரு சர்வதேசப் பள்ளியையும் உருவாக்கினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவர்தான்.

இடையில் ஒரு சுவாரசியம். ஹார்ட்லியின் வேர் 'ஹார்ட்', அதாவது கஷ்டம். நம் 'அரிது'க்கும் முதலில் கஷ்டம் என்று பொருள், அப்புறம்தான் அபூர்வம். மலையாளிகள் சொல்லும் 'துர்லபம்' என்பதும் கிடைப்பதற்குக் கஷ்டமானது என்பதுதான். மூன்றும் ஒரே பாதையில் வந்திருக்கின்றன: கஷ்டமானது குறைகிறது, குறைந்தது கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

இதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. வெளிநாட்டில் இருக்கும் நாம் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் எத்தனையோ படிவங்கள் நிரப்புகிறோம். வீட்டு மொழி என்ன என்று ஒரு கேள்வி வரும். 'தமிழ் இஸ் ஹார்ட்லி ஸ்போக்கன் அட் ஹோம்' என்று சுலபமாக எழுதிவிடலாம். நாகரிகமான வாக்கியம். யார் பேசவில்லை என்று அதில் இல்லை. எவ்வளவு பேசவில்லை என்றும் இல்லை. ஏதோ மழை பெய்யாத மாதிரி, தமிழ் தானாகவே பேசப்படாமல் போய்விட்டது போலிருக்கும்.

அதையே பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "நாங்க வீட்டுல அதிகமாத் தமிழ் பேசறதில்லை." 'நாங்க' முன்னால் வந்துவிட்டது. 'இல்லை' கடைசியில் வந்துவிட்டது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் 'நாங்க' என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை நாமே மாற்றவும் முடியும். இன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையிலிருந்தே தொடங்கலாம்.

பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஹார்ட்லி எங்கே உட்காரும் என்பதும் புரியும், தமிழ் வாக்கியம் எங்கே முடியும் என்பதும் புரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.