பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்து: 8 வருஷத்துல நடந்தது என்ன? அரசியல் எதிர்ப்பு எதுக்கு?

10, 11, 12 என மூன்று வருடமும் தொடர்ந்து பொதுத்தேர்வு. இப்போதைய பாடக் கணக்குப்படி பார்த்தால் 5, 6, 6 என மொத்தம் 17 தேர்வுகள். வேடசந்தூர் அரசுப் பள்ளி மாணவிக்கும் இதேதான், சென்னையில் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்கிற மாணவிக்கும் இதேதான். இதில் நடுவில் இருந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு இந்த மாற்றம் வந்தது.

அந்தத் தேர்வை ஏன் கொண்டு வந்தாங்க?

2017-ல் அதிமுக ஆட்சியில், செங்கோட்டையன் பள்ளிக்கல்வித்துறை அமைச்சராக இருந்தபோது எடுத்த முடிவு இது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் 2 பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நீட், ஜேஇஇ-யில் பிளஸ் 1 பாடத்திலிருந்தும் கேள்வி வரும். அங்கே நம்ம பிள்ளைகள் திணறினார்கள். காரணம் நியாயமானதுதான்.

1,200 மதிப்பெண் என்பது வருடத்துக்கு 600 ஆகப் பிரிக்கப்பட்டு, முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசே அறிவித்தது. ஆக, மார்க்குக்கு வேலை போச்சு, தேர்வும் டென்ஷனும் மட்டும் மிச்சம். ஃபெயில் ஆனவர்கள் பிளஸ் 2 படித்துக்கொண்டே அரியர் எழுத வேண்டியிருந்தது.

5, 8-ம் வகுப்புக்கும் வந்த அறிவிப்பு

எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது 2019-ல். அந்த ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு திருத்தம் செய்தது. 5, 8-ம் வகுப்பில் தேர்வு வைத்து, தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம், ஆனால் முடிவு மாநிலத்தின் கையில் என்றது திருத்தம். தமிழ்நாடு செப்டம்பரில் பொதுத்தேர்வை அறிவித்தது. முதல் மூன்று வருடம் யாரையும் நிறுத்த மாட்டோம் என்று சொல்லியும் கோபம் அடங்கவில்லை.

திமுக, இடதுசாரிகள் மட்டுமல்ல, அன்று அதிமுக கூட்டணியிலேயே இருந்த பாமகவின் நிறுவனர் ராமதாஸும் எதிர்த்தார். அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: ஃபெயில் ஆகும் பிள்ளை அப்புறம் எங்கே போகும்?

திண்டுக்கல் சமவெளியில் இதற்குப் பதில் தேட வேண்டியதே இல்லை. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட், கிராமத்தில் தோட்ட வேலை. பள்ளிக்கு வெளியே வேலை தயாராகக் காத்திருக்கிற ஊரில், "ஃபெயில்" என்ற ஒரு வார்த்தை போதும், படிப்பு நிற்க. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு?

2020 பிப்ரவரி 4-ம் தேதி அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

ரத்தானதால் பிரச்சனை முடிஞ்சுதா?

இல்லை. பிளஸ் 1 பாடத்தைப் பள்ளிகள் மறுபடியும் ஓரங்கட்டும் என்ற பழைய கவலை அப்படியே இருக்கிறது. தேர்வு இனி பள்ளி அளவில்தான். கேள்வித்தாளும் திருத்தமும் வெளியே போகாது என்றால், பாடம் நடந்ததா என்று யார் பார்ப்பது? தேர்வை எதிர்த்த கட்சிகள் இதற்குத் தெளிவான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலமான கர்நாடகாவில் இதே சண்டை கோர்ட்டுக்கே போனது. 5, 8, 9, 11-ம் வகுப்புகளுக்கான வாரியத் தேர்வை 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற தனி நீதிபதி ரத்து செய்தார், டிவிஷன் பெஞ்ச் அனுமதித்தது, ஏப்ரலில் உச்சநீதிமன்றம் முடிவுகளை வெளியிடத் தடை போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது தேர்வெழுதிய பிள்ளைகள்.

சிபிஎஸ்இ-யோ வேறு திசையில் போகிறது. அங்கே 2026 முதல் 10-ம் வகுப்புக்கு வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. முதலாவது கட்டாயம், இரண்டாவது விருப்பம். 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளிகளில் 5, 8-ல் தேறாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் 8-ம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். ஒரே தெருவில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு, சேர்ந்த பள்ளியைப் பொறுத்து விதி வேறு.